திராட்சைக் கண்ணுக்குத் தடவும் மருந்து

எங்கள் ரசாயனப் பொறியாளர் சங்கம் கிராமத்து மக்களுக்கு மக்கு உரம் செய்யக் கற்றுக்கொடுத்த நாளில் நானும் மேடையில் உட்கார்ந்திருந்தேன். இடம் அனுமந்தன்பட்டி. அநேகமாக ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் எருக்குழி இருக்கிற ஊர். சாணமும் வெட்டிப்போட்ட திராட்சைக் கொடியும் அந்தக் குழிக்குள் எப்போது போக வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும் என்று அங்கே யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரையிலிருந்து ஆளுக்கொரு காரில் வந்து இறங்கிய எங்கள் நிர்வாகக் குழு, சமுதாயக் கூடத்தின் ஜன்னல்களைச் சாத்தி இருட்டாக்கி, திரையில் ஒரு மாட்டைக் காட்டியது. கறுப்பும் வெள்ளையுமான மாடு. பச்சைப் புல்வெளியில் நின்றது, பின்னால் பனிமலை. இந்த மாட்டின் கழிவு ஒரு வளம் என்றார் சங்கத் தலைவர். முன் வரிசையில் இருந்த ஒருவர் அது நேரத்துக்கு எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்டார். அன்றைக்கு அந்தக் கூடத்தில் எழுந்த அறிவார்ந்த கேள்வி அது ஒன்றுதான். தலைவருக்கு அது தெரியாது; அடுத்த படத்துக்குப் போனார்.

நெகிழியை ஒழிப்போம் என்று அச்சடித்த பெரிய பிளக்ஸ் பேனரைக் கட்டியிருந்தோம். அதுவும் நெகிழிதான் என்பது குழுவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து கார்கள் போனபின் யாரோ அதை அவிழ்த்துக்கொண்டுபோய் மாட்டுக் கொட்டகைக்கு மேலே போட்டுக்கொண்டார்கள். எங்கள் சங்கத்தால் அந்த ஊருக்கு அதுவரை கிடைத்த நிரந்தரப் பயன் அந்தக் கூரை மட்டுமே.

நான் தேனிக்கு வெளியே ஒரு பழக்கூழ் ஆலையில் வேலை பார்க்கிறேன். மாம்பழமும் திராட்சையும் கூழாகிப் போனபின் மிச்சமாகிற புளித்த தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே விடுவது என் பொறுப்பு. அந்தத் தண்ணீரின் வாசனை துவைத்த பிறகும் சேலையில் நிற்கும். ஆலைக்கு நல்ல பெயர் வேண்டும் என்று மேலாளர் என்னைச் சங்கத்தில் சேர்த்துவிட்டார். தலைவர் சென்னையில் ஒரு பெயின்ட் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று மதுரையில் குடியேறியவர். வேலையில் இருந்த காலமெல்லாம் எந்தக் கழிவு எங்கே போயிற்று என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஓய்வு பெற்றதும் பூமியின் மேல் பாசம் பொங்கிவிட்டது. சஸ்டெயினபிலிட்டி என்கிற சொல் இல்லாமல் அவரால் காபிகூடக் கேட்க முடியாது.

மக்கு உரத்துக்கு அடுத்து வழிகாட்டித் திட்டம் வந்தது. அனுபவமுள்ள பொறியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கல்லூரி மாணவரை ஒப்படைப்பார்கள். வீடியோ அழைப்பில் பேசி அவர்களை நாங்கள் உயர்த்த வேண்டும். என்ன பேச வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள்: கனவு, தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை. ரசாயனம் அதில் இல்லை. என் பங்குக்கு வந்தவள் மூன்றாம் ஆண்டு ரசாயனப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். சொந்த ஊர் அதே அனுமந்தன்பட்டி. திராட்சைத் தோட்டக்காரர்கள் வீட்டுப் பிள்ளை.

முதல் அழைப்பில் நான் என்ன கேட்டாலும் 'சரிங்க மேடம்' என்று மட்டும் சொன்னாள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடி, உன் கனவு என்ன என்று கேட்டேன். அதற்கும் சரிங்க மேடம் என்றாள். எனக்கே வெட்கமாகிவிட்டது. அழைப்பை முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்க அவள் கையைத் தூக்கினாள். உள்ளங்கைத் தோல் உரிந்து வெளுத்திருந்தது. விரல் நுனிகளில் வெடிப்பு.

கையில் என்ன என்று கேட்டேன்.

"கவாத்து வெட்டியிருக்கு மேடம். கண்ணுக்கு மருந்து தடவுனோம். ரெண்டு நாளு லீவு போட்டுட்டு வந்தேன்."

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கவாத்து என்று திராட்சைக் கொடியை வெட்டிவிட்டால், கொடியில் மிஞ்சிய குச்சிகளில் இருக்கும் மொட்டுகள், அதாவது கண்கள், தூங்கிக் கிடக்கும். குளிர் நாடுகளில் பனிக்காலம் முடிந்ததும் அவை தாமே விழித்துக்கொள்ளும். நம் ஊரில் அந்தக் குளிர் இல்லை. எல்லாக் கண்ணும் ஒரே சமயத்தில் வெடித்துத் தளிர்விட வேண்டுமென்றால் ஒரு மருந்தைத் தடவ வேண்டும். பழைய பனியன் துணியைக் குச்சியில் சுற்றி, மருந்துத் தண்ணீரில் தோய்த்து, பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்றுகொண்டு கண் கண்ணாகத் தடவுவார்கள். மருந்து முழங்கை வரை ஒழுகும். குச்சி தேடச் சோம்பலாக இருந்தால் துணியை வெறுங்கையிலேயே பிடித்துக்கொள்வார்கள். தடவுவது பெரும்பாலும் பெண்கள்.

பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன். கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். முன்பக்கம் பெரிய திராட்சைக் குலை. பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம். அந்த எழுத்தைப் படிக்காமலே அது என்னவென்று எனக்குத் தெரியும். தோலை அரிக்கும், தோல் வழியாக உடம்புக்குள்ளும் போகும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. குடித்த சாராயத்தை உடம்பு படிப்படியாக உடைத்து வெளியேற்றும். அப்படி உடைக்கும்போது நடுவில் ஒரு நச்சுப் பொருள் உண்டாகும். சாதாரணமாக உடம்பு அதை உடனே தீர்த்துக்கட்டிவிடும். இந்த மருந்து உள்ளே போயிருந்தால் அந்த வேலை நின்றுவிடும். நஞ்சு தேங்கும். முகமும் கழுத்தும் சிவக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் விழும்.

வீட்டில் யாராவது குடிப்பார்களா என்று கேட்டேன். அவள் திரும்பிக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுடைய சித்தப்பா குடிப்பார். போன கவாத்தில் ஆள் கிடைக்காமல் அவரும் மருந்து தடவினாராம். சாயங்காலம் குடித்துவிட்டு வந்தவர் மிளகாய்ப் பழம்போலச் சிவந்து, மூச்சு வாங்கி, வாசலிலேயே விழுந்துவிட்டாராம். அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சரக்கில்தான் கோளாறு என்று எல்லாரும் முடிவுகட்டி, அவர் அன்றிலிருந்து வேறு கடையில் வாங்கிக் குடிக்கிறாராம்.

நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு அவள் பாட்டிலைத் தள்ளி வைத்தாள். பிறகு, நாங்கள் ஊருக்கு வந்தபோது இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பனிமலை மாட்டின் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தவள் நானும்தானே.

அடுத்த கூட்டத்தில் இதைக் குழுவின் முன் வைத்தேன். திராட்சை விளைகிற ஊர்களுக்குப் போவோம்; கையுறை போடச் சொல்வோம்; மருந்து பட்டவர்கள் குடிக்கக் கூடாது என்று தமிழில் எழுதி ஒட்டுவோம். இதற்கு மேடையோ திரையோ தேவையில்லை என்றேன். மேடை தேவையில்லை என்றதுமே பாதிப்பேருக்கு ஆர்வம் போய்விட்டது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு ஒரு நோயாளியிடம் பேசுவதுபோல என்னிடம் பேசினார்.

"மேடம், உங்க அக்கறை புரியுது. ஆனா இது நெகட்டிவ் மெசேஜ். கெமிக்கல்னாலே ஜனங்களுக்குப் பயம். நாமளே போய் இன்னும் பயமுறுத்தலாமா?"

பிறகு அந்த ஆண்டின் கருப்பொருள் கார்பன் என்பதை நினைவூட்டினார். நைட்ரஜன் உள்ள இந்த மருந்தைப் பற்றிப் பேச அந்த ஆண்டு எங்களுக்கு அனுமதி இல்லைபோலும். கூட்டம் முடிந்து வெளியே வரும்போதுதான் உண்மையான காரணத்தைப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எங்கள் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் சாப்பாடு போடுகிற புரவலர் உர, பூச்சிமருந்து மொத்த வியாபாரி. அந்தப் பாட்டிலையும் இந்த வட்டாரத்துக்கு இறக்குகிறவர் அவர்தான். அன்றைய கூட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் விதைப் பந்து எறிவதென்று ஒருமனதாக முடிவானது. விதை போட மலைக்கு எங்கள் உதவி எப்போது தேவைப்பட்டது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது.

அடுத்த கவாத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தப் பெண்ணும் மட்டும் போனோம். அவளுடைய அம்மா பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களைத் தோட்டத்துக்கு வரச்சொல்லியிருந்தார். பந்தலுக்குக் கீழே கோணிப்பை விரித்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் வரப்போரம் நின்றுகொண்டார்கள். நான் பேசத் தொடங்கினேன். என் பேச்சு எனக்கே பிடிக்கவில்லை. தலைவருடைய குரல் எனக்குள்ளும் ஏறியிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் எழுந்து தன் கையை விரித்துக் காட்டி அவர்கள் பாஷையில் பேசினாள். அரிப்பைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினார்கள். கையுறையைப் பற்றிச் சொன்னபோது ஒரு பெரியவர், கையுறை போட்டுக்கொண்டால் கண் எங்கே இருக்கிறது என்று தட்டுப்படாது என்றார். சித்தப்பாவுக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அவள் சொன்னபோதுதான் பெண்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு கேள்விகள் வந்தன. எல்லாம் பெண்களிடமிருந்து. பிராந்திக்கு மட்டும்தானா, பீருக்கும் உண்டா? கையில் பட்டால் போதுமா? மருந்து தடவிய அன்றைக்கு மட்டுமா, மறுநாளும் இருக்குமா? எல்லாச் சாராயத்துக்கும் உண்டு, கையில் பட்டாலே போதும், ஒரு வாரமாவது குடிக்காமல் இருக்க வேண்டும் என்று பொறுமையாகப் பதில் சொன்னேன். இவ்வளவு அறிவியல் ஆர்வமுள்ள கூட்டத்தை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. ஊர் திரும்பும் பேருந்தில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கவாத்து தொடங்கிய வாரம் அந்தப் பெண் கூப்பிட்டாள். கல்லூரி விடுதியிலிருந்து பேசினாள். குரலில் பதற்றம். ஊரில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து இனி மருந்து தடவ மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் கை புண்ணாகிறது, ஆம்பளைகள் தடவட்டும் என்கிறார்களாம். வேறு வழியில்லாமல் ஆண்கள் தடவிக்கொண்டிருக்கிறார்கள். தடவிய முதல் நாள் சாயங்காலமே இரண்டு பேர் குடித்துவிட்டுச் சிவந்துபோய், பயந்து, திண்டாடியிருக்கிறார்கள். மறுநாள் ஒருவரும் கடைப்பக்கம் போகவில்லை.

இதில் பதற என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சொல்லப்போனால் சிரிப்புத்தான் வந்தது.

"அது இல்ல மேடம். எங்கம்மா ஒங்கள்ட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாக. பக்கத்து வீட்டு அத்தை கேக்குறாகளாம். மருந்து தடவாத நாள்ல, குழம்புல ஒரு சொட்டு விட்டாப் போதுமான்னு."

சிரிப்பு நின்றுவிட்டது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கிடைத்த பேருந்தில் ஏறினேன். வழியெல்லாம் அந்தக் குழம்புச் சட்டி என் கண் முன்னால் கொதித்துக்கொண்டிருந்தது.

நான் போனபோது அவள் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வீட்டுக்குப் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். அது விஷம், ஒரு சொட்டும் வாய்க்குள் போகக் கூடாது, ஆள் செத்துப்போவான், பிறகு நீங்கள் ஜெயிலுக்குப் போவீர்கள் என்றேன். பக்கத்து வீட்டுப் பெண் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"கலக்கப் போறேன்னு யாரு சொன்னா? கேட்டு வச்சுக்கிட்டேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். கலக்கியிருப்பாரா மாட்டாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் சொல்ல முடியாது. அவர் கன்னத்தில் பழைய தழும்பு ஒன்று இருந்தது.

மாணவியின் அம்மா எனக்கு உட்கார நாற்காலி போட்டார். பிறகு நிதானமாகப் பேசினார்.

"ஒங்க ஆளுக வந்து சாணியப் பத்திப் பேசுனாக. குப்பையப் பிரிக்கச் சொன்னாக. எங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு ஒருத்தரும் கேக்கல. நீங்க கையக் காப்பாத்த வந்தீக, வந்த எடத்துல இதையும் சொல்லிட்டுப் போனீக. எங்களுக்கு ஒதவுனது இதுதேன்."

அன்று பொழுது சாயும்வரை பேசினோம். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மருந்துப் பாட்டில் தோட்டத்துக் கொட்டகையில் பூட்டி வைக்கப்படும், வீட்டுக்குள் வராது. தடவுகிறவர் யாராக இருந்தாலும் கையுறை போட வேண்டும். குடித்திருக்கிறவன் அன்றைக்கு மருந்தைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். கையுறை போட்டால் மருந்து உடம்புக்குள் போவது குறையும் என்பதை நான் ஆண்களிடம் சொல்லக் கூடாது; தெரிந்தால் பயம் விட்டுக் குடிப்பார்கள். நான் யோசித்தேன். கையுறை போட்டிருந்தாலும் மருந்து தடவிய நாட்களில் குடிக்கக் கூடாது என்பதுதான் சரியான அறிவுரை. ஆகவே அதை மட்டும் ஆண்களிடம் சொன்னேன். பொய் சொல்லவில்லை. மிச்சத்தைச் சொல்ல என்னை யாரும் கேட்கவில்லை.

அந்தக் கவாத்து முழுக்க ஊரில் சத்தமில்லை என்று மாணவி சொன்னாள். சித்தப்பா சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் எல்லாத் தொடரையும் பார்த்து, கதை புரியாமல் எல்லாரையும் கேள்வி கேட்டு உயிரை எடுத்தாராம்.

எங்கிருந்தோ மோப்பம் பிடித்து உள்ளூர் நிருபர் ஒருவர் பத்திரிகையில் செய்தி போட்டுவிட்டார். பொறியாளர் முயற்சியால் மதுவை மறந்த கிராமம் என்று தலைப்பு. மறுநாள் காலையில் தலைவர் கூப்பிட்டார். எனக்கு வாழ்த்துச் சொன்னார். எனக்கு என்றுகூடச் சொல்ல முடியாது; நமக்கு என்றார். நெகட்டிவ் மெசேஜ் ஒரே இரவில் நமது மெசேஜ் ஆகிவிட்டது. சங்கத்தின் மாநில விருதுக்கு அனுப்பப் போவதாகவும், சமூகத் தொண்டு, மகளிர் மேம்பாடு, வழிகாட்டுதல் என்று மூன்று தலைப்பிலும் பொருந்துவதாகவும் சொன்னார். கார்பன் எங்கே வருகிறது என்று கேட்டேன். சாராயத்தில் கார்பன் இருக்கிறதே மேடம் என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

விருது கிடைத்தது. கிடைக்காமல் எப்படிப் போகும். தேர்வுக் குழுவிலும் அவர்தான். விழா மதுரையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில். பயனாளிப் பெண்களை ஒரே நிறச் சேலையில் அழைத்து வரச்சொன்னார்கள். நான் முடியாது என்றேன். மாணவியும் அவள் அம்மாவும் மட்டும் அவரவர் சேலையில் என்னோடு வந்தார்கள். மேடையின் பின்னால் புரவலரின் பெயர் எங்கள் சங்கத்தின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. பாட்டிலை விற்கிறவர், பாட்டிலால் வந்த தீங்கைச் சொன்னதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார். தலைவர் பேசினார். ரசாயனம் குடியை வென்ற கதை என்றார். கைப்புண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாணவியைத் தாமே வளர்த்துவிட்ட பிள்ளை என்று அறிமுகப்படுத்தினார். அவளை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பாட்டிலில் தமிழில் எச்சரிக்கை எழுதுங்கள், ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு ஜோடி கையுறை கொடுங்கள், இதைத் தவிர எனக்குக் கேட்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். புரவலர் நன்றாகக் கைதட்டினார். கட்டாயம் பரிசீலிக்கிறேன் என்றார்.

பிறகு விருந்து. சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு அறை இருந்தது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே கண்ணாடிக் கோப்பைகள் தெரிந்தன. மதுவை வென்ற பொறியாளர்கள் ஒவ்வொருவராக அந்தக் கதவுக்குள் போனார்கள். தலைவர் வெளியே வந்தபோது பூமியின் மேல் அவருக்கு இருந்த பாசம் இன்னும் கூடியிருந்தது. மாணவியின் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இவுகளையும் ஒரு நாளைக்குக் கண்ணு தடவ விட்டா நல்லாருக்கும்."

அந்த விழாவில் கேட்ட பேச்சிலேயே உருப்படியானது அது. பேருந்து நிலையம் வரை மூவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

கையுறைகள் வரத்தான் செய்தன. கவாத்து முடிந்தபின் வந்தன. எல்லாம் ஒரே அளவு, மல்யுத்த வீரர்களுக்குச் செய்ததுபோல. மணிக்கட்டில் சங்கத்தின் முத்திரை. பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு கையைத் தொங்கவிட்டால் தானாகக் கழன்று விழுந்தது. தமிழ் எச்சரிக்கை வரவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், மாணவி தானே சின்னத் தாளில் அச்சடித்து, கம்பம் ஊரில் பூச்சிமருந்துக் கடைக்காரரிடம் பேசி, அவர் கடையில் இருந்த பாட்டில்களில் ஒட்டிவிட்டு வந்தாள். குடிக்கிறவர்கள் இதைத் தொடக் கூடாது, தொட்டவர்கள் குடிக்கக் கூடாது என்று ஒரே வரி. கடைக்காரர் அதைக் கிழிக்கவில்லை. வியாபாரம் கெடுவதற்குப் பதிலாக, சீட்டு ஒட்டிய பாட்டில் வேண்டும் என்று பெண்களே வந்து கேட்டார்களாம்.

படிப்பு முடிந்ததும் அவளுக்கு ஓசூரில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அவளாகத் தேடிக்கொண்ட வேலை. தலைவர் அதையும் சங்கத்தின் சாதனைகளில் சேர்த்துக்கொண்டார். நான் உறுப்பினர் பதவியிலிருந்து விலகினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. புவி தினத்தன்று வாழ்த்துப் படம் மட்டும் இன்னும் அலைபேசிக்கு வந்துகொண்டிருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த ஆண்டுக் கவாத்தின்போது மாணவியின் அம்மா கூப்பிட்டார். கொஞ்சம் வசதியுள்ள ஆண்கள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்களாம். பொண்டாட்டியும் தடவ மாட்டாள், தானும் தடவ முடியாது, குடிக்காமலும் இருக்க முடியாது. என்ன செய்வது? ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து வேனில் கூலிக்கு ஆள் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் மழையை நம்பிய புன்செய்க் காடு. இந்த ஆண்டு மழை இல்லை. கூப்பிட்ட இடத்துக்கு வரத் தயாராக ஆட்கள் இருக்கிறார்கள். சித்தப்பாவுக்குப் பழையபடி சாயங்காலம் திரும்பக் கிடைத்துவிட்டது. ஒரு குவாட்டரை விடுவதைவிட ஒரு வேன் ஆட்களைக் கொண்டுவருவது இவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. எங்கள் தலைவருக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் சட்டையின் வெள்ளையில் மட்டும்தான்.

"வேற ஊருப் புள்ளைக. அதுகளுக்கு ஒண்ணுந் தெரியாது. வெறுங்கையில தடவுதுக. நாங்க சொன்னா, வேலையக் கெடுக்குறோம்னு மொதலாளி வையிறாரு. நீங்க வந்து சொன்னீகன்னா ஒண்ணும் பேச மாட்டாரு."

தேனியில் ஒரு கடையில் எல்லா அளவிலும் ரப்பர் கையுறை பொறுக்கி வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் முதல் பேருந்தில் போனேன். மாணவியின் அம்மாவும் கன்னத்தில் தழும்புள்ள அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் எனக்கு முன்பே வேன் வருகிற தோட்டத்து வாசலில் வந்து நின்றிருந்தார்கள். வேன் வந்தது. உள்ளே இருந்தவர்களில் முக்கால்வாசி பெண்கள். இறங்கியதும் எங்களைப் பார்த்துத் தயங்கினார்கள். முதலாளியான தோட்டக்காரர் என்னைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, விருது வாங்கினவுக வந்திருக்காக என்று பல்லைக் காட்டினார். நான் அவரைப் பார்க்காமல், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மருந்து, தோல், குடி எல்லாம் சொன்னேன்.

கூட்டத்தில் மூத்தவளாக இருந்த ஒருத்தி கையுறையை வாங்கி விரல் விரலாக இழுத்துப் பார்த்தாள்.

"இத மாட்டுனா வேல மெதுவாப் போகுமே. நாளைக்கு எங்களக் கூப்புடலேன்னா என்ன செய்யிறது?"

இதற்கு ரசாயனத்தில் பதில் இல்லை. நான் தோட்டக்காரரைப் பார்த்தேன். அவர் வாய்க்காலைப் பார்த்தார். அப்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒரு ஜோடியை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டு, குச்சியில் துணியைச் சுற்றி, மருந்தில் தோய்த்து, பந்தலின் முதல் கொடிக்குக் கீழே போய் அண்ணாந்து நின்றார். அது அவருடைய தோட்டம் இல்லை. அவருக்கு அங்கே கூலியும் இல்லை. மருந்து தடவ மாட்டேன் என்று ஊரில் முதலில் சொன்னவரே அவர்தான் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"மெதுவா எல்லாம் போகாது. வாங்கத்தா, இங்கன வந்து பாருங்க."

அவர்கள் ஒவ்வொருவராகக் கையுறையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் வரிசைக்குள் போனார்கள். தோட்டக்காரர் வாய்க்கால் பக்கமாக நடந்தார். நான் மிச்சக் கையுறைகளை மாணவியின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஆலையில் வேலை இருந்ததால், அடுத்த பேருந்துக்குக் கிளம்பினேன்.